ஹெல்ப் டெஸ்கிலிருந்து சேர்வர் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து ஐ.ரி. வேலை பற்றி எழுதும் வாசகர்களில் பலருடைய கேள்வி ஒன்றுதான்: ஹெல்ப் டெஸ்கில் (ஊழியர்களின் கொம்பியூட்டர் முறைப்பாடுகளைத் தீர்க்கும் பிரிவில்) இருக்கிறோம், சிஸ்டம் அட்மின் (சேர்வர்களை நிர்வகிக்கும்) வேலைக்கு எப்படிப் போவது? இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

களுவாஞ்சிகுடி வாசகர்: மட்டக்களப்பு நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஐ.ரி. பிரிவில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். காலையில் பாஸ்வேர்ட் ரீசெட், பின்னேரம் பிரின்டர். சேர்வரைத் தொடவே விடுகிறார்கள் இல்லை. இப்படியே இருந்தால் எப்படி, சேர், அட்மின் ஆவது?

உங்களிடம் வரும் ரிக்கெட்டுகளில் (முறைப்பாட்டுப் பதிவுகளில்) பலவற்றுக்குச் சேர்வர் பக்கத்தில்தான் வேர் இருக்கும். நீங்கள் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்து ரிக்கெட்டை மூடுகிறீர்கள். காரணம் அப்படியே கிடப்பதால் நாலு நாளில் அதே ஆள் திரும்ப வருகிறார். அந்தக் காரணத்தைத் தேடிப் போகத் தொடங்கினால், சேர்வரைத் தொடாமலே அட்மின் வேலையின் பாதியைப் படித்துவிடுவீர்கள்.

ஒரு கணக்கு அடிக்கடி லொக் ஆகி, அதாவது பூட்டுப்பட்டு, விடுகிறது என்று வையுங்கள். டொமைன் கொன்ட்ரோலரின் (அலுவலகக் கணக்குகளையும் லொகினையும் கட்டுப்படுத்தும் சேர்வரின்) செக்கியூரிட்டி லொக்கில் (பாதுகாப்புப் பதிவேட்டில்) 4740 என்ற இலக்கமுள்ள பதிவைத் தேட வேண்டும். கொன்ட்ரோலர் பல இருந்தால், பிடிசி எமுலேற்றர் என்ற தலைமைப் பொறுப்பை வைத்திருப்பதில் பாருங்கள். லொக் ஆன கணக்குகள் எல்லாம் அங்கே பதிவாகும். அந்தப் பதிவிலேயே எந்தக் கொம்பியூட்டரிலிருந்து பிழையான பாஸ்வேர்ட் வந்தது என்ற பெயர் இருக்கும். அந்த மெஷினுக்குப் போய் வரிசையாகப் பார்க்க வேண்டியவை: கிரெடென்ஷியல் மனேஜரில் சேமித்த பழைய பாஸ்வேர்ட், பழைய பாஸ்வேர்டோடு இணைத்த நெட்வேர்க் டிரைவ், அந்தக் கணக்கின் பெயரில் ஓடும் ஷெட்யூல்ட் டாஸ்க் அல்லது சேர்விஸ், மூடாமல் விட்டுப்போன ரிமோட் டெஸ்க்டொப் செஷன். கொம்பியூட்டர் பெயர் வெறுமையாக இருந்தால், அல்லது மெயில் சேர்வரின் பெயரே வந்தால், அவருடைய போனைக் கேளுங்கள். மெயிலுக்கோ வை-ஃபைக்கோ பழைய பாஸ்வேர்டை அது விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும்.

அடுத்தது "இன்டர்நெட் இல்லை" ரிக்கெட். ஐபி 169.254 என்று தொடங்கினால் அந்த மெஷினுக்கு டிஎச்சிபி (ஐபி முகவரிகளைத் தானாகப் பங்கிடும் சேவை) பதில் கொடுக்கவில்லை. கேபிளும் சுவிட்ச் போர்ட்டும் சரியென்றால் முகவரி தீர்ந்துபோயிருக்கலாம். விண்டோஸ் டிஎச்சிபியில் லீஸ் காலம் (ஒரு முகவரி ஒரு மெஷினுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் காலம்) வழமையாக 8 நாள். 50 முதல் 200 வரை முகவரி ஒதுக்கியிருந்தால் மொத்தம் 151. அறுபது ஊழியர்கள் லப்டொப், போன் இரண்டையும் இணைத்தாலே 120 போய்விடும். ஒரு நாள் வந்துபோன விருந்தினரின் போனும் எட்டு நாளைக்கு ஒரு முகவரியைப் பிடித்து வைத்திருக்கும். வை-ஃபைக்கு வேறு விஎல்ஏஎன் (தனியாகப் பிரித்த நெட்வேர்க்), அதற்கு சில மணித்தியால லீஸ், இதுதான் தீர்வு. சிலருக்கு மட்டும் அலுவலக வரிசையில் இல்லாத ஐபி வந்தால் கதை வேறு: யாரோ வீட்டு ரௌட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவரிலுள்ள போர்ட்டில் செருகியிருக்கிறார்கள், அதுவும் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஐபிகொன்ஃபிக் /ஓல் என்ற கொமாண்டைக் கொடுத்தால் எந்த டிஎச்சிபி சேர்வரிடமிருந்து முகவரி வந்தது என்பது தெரியும்.

"டொமைனுடனான நம்பிக்கைத் தொடர்பு முறிந்துவிட்டது" என்ற செய்தி மூன்றாவது. எல்லோரும் மெஷினை டொமைனிலிருந்து கழற்றி மறுபடி சேர்க்கிறார்கள். மெஷினை நீண்ட நாள் அணைத்து வைத்ததுதான் காரணம் என்று சொல்வதும் வழக்கம், அது பிழை. மெஷினின் பாஸ்வேர்டை 30 நாளைக்கு ஒரு தடவை மாற்றும் வேலையை அந்த மெஷினே தொடங்குகிறது, அணைந்திருக்கும்போது எதுவும் மாறாது. மெஷினின் பழைய நிலையைப் பிடித்து வைத்த இமேஜையோ ஸ்னப்ஷொட்டையோ திரும்ப ஏற்றியது, ஒரே பெயரில் இரண்டு மெஷினைச் சேர்த்தது ஆகியவையே வழமையான காரணங்கள். பவர்ஷெல்லில் (விண்டோஸின் கொமாண்ட் மொழியில்) செக்கியூர் சனலை (மெஷினுக்கும் டொமைனுக்கும் இடையிலான அந்தத் தொடர்பை) சோதித்து ரிப்பேர் செய்யும் கொமாண்ட் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அதுவே போதும், கழற்றத் தேவையில்லை.

இப்படி நான்கைந்து காரணங்களை ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன நடந்தது, எங்கே பார்த்தது, காரணம், திரும்ப வராமல் இருக்க என்ன மாற்ற வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அட்மினிடம் பார்வையிடும் உரிமை மட்டும் கேளுங்கள். ஈவன்ட் லொக் ரீடர்ஸ், டிஎச்சிபி யூசர்ஸ் என்ற இரண்டு குரூப்புகள் விண்டோஸிலேயே உண்டு. அவற்றில் சேர்த்தால் நீங்கள் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. "சேர்வர் அக்செஸ் தாருங்கள்" என்றால் யாரும் தயங்குவார்கள். எந்தக் குரூப், எதற்காக என்று சொல்லிக் கேட்பவருக்கு மறுக்கக் காரணம் குறைவு.

ஏறாவூர் வாசகர்: எங்கள் அட்மின் எதையும் காட்டித்தருவதில்லை. நெட்வேர்க்கை ஸ்கான் செய்யும் டூல், பாஸ்வேர்ட் எடுக்கும் டூல் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. படிப்பதற்காக மட்டும் அலுவலகத்தில் ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. அனுமதியில்லாமல் ஒரு கொம்பியூட்டருக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்கீழ் குற்றம். படிப்பதற்காகச் செய்தேன் என்பது உங்களைக் காப்பாற்றாது. வேலை போவதோடு, அட்மின் வேலைக்கு முதலில் தேவைப்படும் நம்பிக்கையும் போய்விடும். அந்த டூல்களை உங்கள் சொந்த லேப்பில் (வீட்டில் அமைக்கும் சோதனைக் கூடத்தில்) ஓட்டுங்கள். எப்படி அமைப்பது என்பது கீழே இருக்கிறது.

சம்மாந்துறை வாசகி: வீட்டில் லேப் போட வேண்டும் என்கிறார்கள். என்னிடம் 8 ஜிபி ரேம் உள்ள லப்டொப்தான் இருக்கிறது. சேர்வர் வாங்க வசதியில்லை.

சேர்வர் வாங்க வேண்டாம் தங்கச்சி. பழைய ரக் சேர்வர் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். சத்தமும் மின்கட்டணமும் உங்களை ஒரு மாதத்தில் கைவிட வைக்கும். லப்டொப்பில் ரேம் ஏற்ற இடமிருந்தால் 16 ஜிபி ஆக்குங்கள், எஸ்எஸ்டி இல்லாவிட்டால் அதையும் போடுங்கள். இந்த இரண்டுக்கும் மேல் செலவு தேவையில்லை.

பயோஸில் வர்ச்சுவலைசேஷன் நிறுத்தப்பட்டிருந்தால் முதலில் அதைப் போட்டுவிடுங்கள். ஒரே லப்டொப்புக்குள் பல மெஷின்களை ஓட்டும் வர்ச்சுவல் பொக்ஸ் இலவசம். விண்டோஸ் சேர்வரின் மதிப்பீட்டுப் பதிப்பு மைக்ரோசொஃப்ட் தளத்திலேயே கிடைக்கும், 180 நாள் ஓடும். நிறுவி 10 நாளுக்குள் ஒரு முறை இன்டர்நெட்டில் இணைத்து அக்டிவேட் செய்யுங்கள். விட்டால் தானாக அணையத் தொடங்கும். விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் மதிப்பீட்டுப் பதிப்பு 90 நாள். ஒவ்வொரு கோப்பும் ஐந்து ஜிபி அளவில் வரும், உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் இறக்குங்கள். வேறு தளங்களில் கிடைக்கும் திருத்திய ஐஎஸ்ஓ எதையும் ஏற்ற வேண்டாம்.

ரேமைப் பங்கிடும் விதம்: டொமைன் கொன்ட்ரோலருக்கு 2 ஜிபி, விண்டோஸ் 11 மெஷினுக்கு 4 ஜிபி, லினக்ஸுக்கு 1 ஜிபி. 16 ஜிபியில் மூன்றும் ஒன்றாக ஓடும். 8 ஜிபியிலேயே தொடங்குவதென்றால் டெஸ்க்டொப் இல்லாத கோர் பதிப்பைக் கொன்ட்ரோலருக்கும், விண்டோஸ் 11க்குப் பதிலாக இரண்டாவது சேர்வரையும் வையுங்கள். விண்டோஸ் 11 டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) கேட்கும். வர்ச்சுவல் பொக்ஸ் 7இலிருந்து அதை மென்பொருளாகவே கொடுக்கிறது.

நெட்வேர்க்கை "இன்டர்னல்" (லேப் மெஷின்கள் மட்டும் ஒன்றோடொன்று பேசும் முறை) என்று வையுங்கள். பிரிட்ஜ் முறையில் (வீட்டு நெட்வேர்க்கோடு நேரே இணைத்து) வைத்துவிட்டு உங்கள் சேர்வரில் டிஎச்சிபி போட்டால், வீட்டில் எல்லோருடைய போனுக்கும் உங்கள் லேப் முகவரி போகும், இன்டர்நெட் நிற்கும், அன்றோடு லேப்பும் நிற்கும்.

கொன்ட்ரோலர் ஆக்கும் முன்பே சேர்வருக்குப் பெயரும் நிலையான ஐபியும் கொடுங்கள், உதாரணமாக 192.168.50.10. டொமைன் பெயரின் முடிவு "லோக்கல்" என்று வேண்டாம், அது பிரின்டர்களும் போன்களும் தம்மைத் தேடிக்கொள்ளப் பயன்படுத்தும் பெயர்முறையோடு மோதும். "இன்டர்னல்" என்ற முடிவை உள் நெட்வேர்க்குகளுக்கென்றே 2024இல் ஐகான் (இணையப் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பு) ஒதுக்கியிருக்கிறது, அதைப் பாவிக்கலாம். கிளையன்டின் (டொமைனில் சேரும் மெஷினின்) டிஎன்எஸ் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) கட்டாயம் 192.168.50.10 ஆக இருக்க வேண்டும். இரண்டாவது டிஎன்எஸ் என்று கூகுளின் 8.8.8.8 ஐப் போடுவது அலுவலகங்களிலும் அடிக்கடி காணும் பிழை. கிளையன்ட் சில நேரம் அங்கே போய்க் கேட்கும், கூகுளுக்கு உங்கள் டொமைனைத் தெரியாது, லொகின் இழுக்கும், குரூப் பொலிசி (மெஷின்களுக்கும் யூசர்களுக்கும் ஒன்றாகப் போடும் விதிகள்) வராது. எப்போதும் நடக்காமல் இடைக்கிடை நடப்பதால்தான் காரணத்தைப் பிடிக்க ஆக்கள் நாட்கணக்கில் திண்டாடுகிறார்கள்.

அமைத்து முடித்ததும் ஸ்னப்ஷொட் எடுத்துவிட்டு உடைக்கத் தொடங்குங்கள். லேப்பின் பயனே அங்கேதான். கிளையன்டின் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வையுங்கள். லொகினை உறுதிசெய்யும் கேர்பரோஸ் முறை வழமையாக 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் ஏற்காது என்பதால் லொகினில் என்ன செய்தி வருகிறது என்று பாருங்கள். வர்ச்சுவல் பொக்ஸின் கெஸ்ட் அடிஷன்ஸ் நேரத்தைத் திரும்பச் சரிசெய்துவிடும், அந்தச் சோதனைக்கு மட்டும் அதை நிறுத்த வேண்டும். அக்டிவ் டிரெக்டரியின் (டொமைனின் கணக்குகளை வைத்திருக்கும் பட்டியலின்) ரீசைக்கிள் பின்னை இயக்கிவிட்டு ஒரு யூசரை அழித்துத் திரும்ப எடுங்கள். பொலிசி ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள்; பின்னணியில் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை, அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை கூட்டித்தான் அது புதுப்பிக்கும். "பொலிசி போட்டேன், வேலை செய்யவில்லை" என்ற முறைப்பாடுகளில் நல்ல பங்கு இந்தக் காத்திருப்புத்தான். மற்றப் பங்கு, கொம்பியூட்டருக்கான பொலிசியை யூசர்கள் மட்டும் உள்ள ஓயூவில் (டொமைனுக்குள் உள்ள பிரிவில்) இணைத்தது.

அக்கரைப்பற்று வாசகர்: லினக்ஸா, விண்டோஸா? எதை முதலில் படிப்பது?

இப்போது வேலை செய்யும் இடத்தில் எது ஓடுகிறதோ அது. இங்குள்ள அலுவலகங்களில் அது பெரும்பாலும் விண்டோஸ். ஆனால் லினக்ஸை விட்டுவிடவும் முடியாது. இணையத்தளம், கிளவுட், வெளிநாட்டு நிறுவனங்களுக்கான தூர வேலை என்று போனால் எல்லாம் அதில்தான் வந்து நிற்கும்.

கொமாண்ட்களை மனப்பாடம் செய்வதை விட, வழமையாக உடையும் இடங்களைச் செய்து பாருங்கள். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று பெரிய லொக் கோப்பை அழிக்கிறீர்கள், இடம் திரும்பவில்லை: அந்தக் கோப்பை ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது, அதை ரீஸ்டார்ட் செய்தால்தான் இடம் வரும். டிஸ்கில் இடமிருந்தும் "இடமில்லை" என்றால் ஐனோட் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கலாம். டிஎஃப் -ஐ கொடுத்தால் தெரியும், கோடிக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள் சேர்ந்தால் வருவது அது. கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் கிரோனில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் சேவையில்) ஓடாவிட்டால், கிரோனுக்கு உங்கள் பாத் (கொமாண்ட்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) தெரியாது, ஒவ்வொரு கொமாண்டுக்கும் முழு இடத்தையும் எழுதுங்கள். எஃப்எஸ்டேப் கோப்பில் (தொடங்கும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்களின் பட்டியலில்) ஒரு வரி பிழைத்தாலும் சேர்வர் அடுத்த முறை எமேர்ஜென்சி மோடில் நிற்கும். திருத்தியதும் ரீபூட் செய்யாமல் மவுன்ட் -ஏ கொடுத்துச் சோதியுங்கள். ஃபயர்வோலைப் போடும் முன் எஸ்எஸ்எச்சுக்கு (தூரத்திலிருந்து சேர்வருக்குள் போகும் வழிக்கு) அனுமதி கொடுங்கள். எஸ்எஸ்எச் அமைப்பை மாற்றும்போது ஏற்கனவே உள்ள செஷனை மூடாமல், வேறு விண்டோவில் புதிதாக உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பின்பே மூடுங்கள். கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சேர்வருக்கு வெளியே பூட்டுப்பட்டு நிற்பது நல்ல அனுபவமல்ல.

காத்தான்குடி வாசகர்: அஸ்ஸலாமு அலைக்கும். இருபது பேர் வேலை செய்யும் வியாபார நிறுவனத்தில் ஐ.ரி. என்றால் நான் மட்டும்தான். ஒரு சேர்வர், ரெய்ட் (பல டிஸ்க்களைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) இருக்கிறது, யூஎஸ்பி டிஸ்கில் தினமும் பேக்கப் போகிறது. டிஸ்க் எப்போதும் சேர்வரிலேயே செருகியிருக்கும். இது போதுமா? இதையெல்லாம் சிஸ்டம் அட்மின் அனுபவம் என்று சொல்லலாமா?

வஅலைக்கும் ஸலாம். இரண்டாவது கேள்விக்கு முதலில்: சொல்லலாம், நிச்சயமாக. ஒரு சேர்வரின் முழுப் பொறுப்பும் உங்களிடம் இருப்பது, பெரிய நிறுவனத்தில் ஒரு மூலையை மட்டும் பார்ப்பதை விடக் கனமான அனுபவம். ஆனால் இன்றைய நிலையில் உங்கள் பேக்கப் போதாது, இதை உடனே சரிசெய்யுங்கள்.

ரெய்ட் டிஸ்க் பழுதைத் தாங்கும். அழித்த கோப்பையோ, ரான்சம்வெயாரையோ (கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் மென்பொருளையோ), வெள்ளத்தையோ தாங்காது. எப்போதும் செருகியிருக்கும் யூஎஸ்பி டிஸ்கை ரான்சம்வெயார் இன்னொரு டிரைவாகவே பார்க்கும், அதையும் பூட்டிவிடும். 2023 ஆகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவைக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள்: ஒன்லைனில் இணைந்திருந்த பேக்கப்பும் சேர்ந்தே பூட்டுப்பட்டது, பிணைப்பில்லாத பிரதி இல்லாததால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இல்லாமல் போயின.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்பது பழைய விதி, இன்றும் அதுதான் அடிப்படை. உங்களுக்கு இப்படி வரும்: யூஎஸ்பி டிஸ்க் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிச் செருகுங்கள், ஒன்று எப்போதும் கழன்று இருக்கட்டும். அதை உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது நல்லது, ஆனால் வீடும் காத்தான்குடியில் என்றால் அது வேறு இடமாகாது. 1978 நவம்பர் சூறாவளியும் 2004 டிசம்பர் சுனாமியும் இந்தக் கரையோரத்தை ஒரே நேரத்தில் தாக்கின. கார்த்திகை, மார்கழி மழைக்கு வாவிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஊர்கள் ஒன்றாகத்தான் வெள்ளத்தில் நிற்கும். மூன்றாவது பிரதி அம்பாறை நகரம் போல உள்ளே தள்ளிய இடத்தில், அல்லது கிளவுட்டில் இருக்க வேண்டும். டிஸ்கை வெளியே கொண்டுபோவதென்றால் என்கிரிப்ட் செய்துதான் கொண்டுபோக வேண்டும். வாடிக்கையாளர் விபரம் உள்ள டிஸ்க் பஸ்ஸில் தொலைந்தால் அது வேறு பிரச்சினை.

கிளவுட்டுக்கு ஏற்றும் முன் கணக்குப் போடுங்கள். 200 ஜிபியை 10 எம்பிபிஎஸ் அப்லோட்டில் ஏற்ற 44 மணித்தியாலத்துக்கு மேல் போகும், அதுவும் லைன் முழுவதும் இதற்கே கிடைத்தால். முதல் முறையை வெள்ளி இரவு தொடங்கி வார இறுதியில் விடுங்கள், பிறகு மாறியவை மட்டும் போகும். பேக்கப் கணக்கு டொமைன் அட்மின் கணக்காக இருக்கக் கூடாது. அட்மின் பாஸ்வேர்ட் கைவிட்டுப்போனால் பேக்கப்பும் அதோடு அழியும். குறிப்பிட்ட நாள் வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டும் வசதி கிளவுட் சேமிப்பில் இருந்தால் அதைப் போடுங்கள்.

"பேக்கப் வெற்றி" என்று வரும் பச்சைக் குறியை நம்பியிருக்க வேண்டாம். மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முழுச் சேர்வரையும் வேறு மெஷினில், நெட்வேர்க்கில் இணைக்காமல் ஏற்றிப் பாருங்கள், எத்தனை மணித்தியாலம் எடுத்தது என்று எழுதுங்கள். பிறகு முதலாளியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை மணித்தியாலப் பில்களைக் கையால் திரும்ப அடிக்க முடியும்? கவுன்டரை எவ்வளவு நேரம் மூடி வைக்க முடியும்? அவர் சொல்லும் பதிலுக்கும் நீங்கள் அளந்த நேரத்துக்கும் இடையிலுள்ள தூரம்தான் அடுத்த செலவுக்கான நியாயம். டொமைன் கொன்ட்ரோலர் என்றால் இன்னொன்று: டூம்ஸ்டோன் காலம் (அழித்த கணக்கின் அடையாளம் வைத்திருக்கப்படும் காலம்) வழமையாக 180 நாள், அதற்கு மேல் பழைய பேக்கப்பிலிருந்து அக்டிவ் டிரெக்டரியை எடுக்க முடியாது.

யூபிஎஸ்ஸின் பின்புறம் யூஎஸ்பி போர்ட் இருந்தால் சேர்வரோடு இணைத்து, பற்றரி குறையும்போது சேர்வர் தானாக ஒழுங்காக அணையும்படி அமையுங்கள். பெரும்பாலான இடங்களில் அந்தக் கேபிள் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. ஈய அமில பற்றரி 25 பாகை செல்சியஸுக்குக் கணக்கிட்டது, அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். நமது சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் வைத்தால் அது அதிக காலம் தாங்காது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஓய்வு நாளில் பிளக்கைக் கழற்றி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். சேர்வரும் யூபிஎஸ்ஸும் நிலத்தில் இருந்தால் மாரி தொடங்கும் முன்பே மேசை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள்.

அம்பாறை வாசகர்: எந்தச் சான்றிதழ் எடுப்பது? எம்சிஎஸ்ஏ வகுப்புக்குக் காசு கட்டலாமா?

கட்ட வேண்டாம். எம்சிஎஸ்ஏ சான்றிதழை மைக்ரோசொஃப்ட் 2021 ஜனவரி 31இல் நிறுத்திவிட்டது. அந்தப் பெயரில் பாடம் நடத்தலாம், சான்றிதழ் கிடைக்காது. அதன் பின் விண்டோஸ் சேர்வருக்கு ஏஇசட்-800, ஏஇசட்-801 என்ற பரீட்சைகளும் கிளவுட்டுக்கு ஏஇசட்-104உம் வந்தன. பரீட்சைகள் மாறிக்கொண்டே இருப்பதால், காசு கட்டும் முன் மைக்ரோசொஃப்ட் தளத்தில் அது நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். ஏஇசட்-104 சான்றிதழை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், புதுப்பித்தல் இலவசம், வீட்டிலிருந்தே செய்யலாம்.

லினக்ஸில் ரெட் ஹட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ மதிப்பு மிக்கது. 300க்கு 210 புள்ளி வேண்டும், தெரிவு வினாக்கள் எதுவுமில்லை, முழுவதும் மெஷினில் செய்து காட்ட வேண்டியது. அதனால்தான் மதிப்பு. நெட்வேர்க் அறிவு பலவீனமாக இருப்பவர் சிஸ்கோவின் சிசிஎன்ஏக்குப் படிக்கலாம், பரீட்சை எழுதாவிட்டாலும் சப்நெட், விஎல்ஏஎன் இரண்டும் தெளிந்தாலே பயன்தான். விடைகளோடு விற்கும் வினாத் தொகுப்புகளை வாங்க வேண்டாம். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும், பிடிபடாவிட்டாலும் நேர்முகத்தில் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அரச சேவை நோக்கமென்றால் இலங்கை தகவல் தொடர்பாடல் தொழினுட்பச் சேவைக்கு வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்து வாருங்கள். அங்கே விற்பனையாளர் சான்றிதழை விட என்விக்யூ மட்டம், உயர் தேசிய டிப்ளோமா, பட்டம் ஆகியவையே தகைமையாக நிற்கும்.

வாழைச்சேனை வாசகி: பவர்ஷெல் படிக்கச் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது?

கையால் செய்து அலுத்த வேலையிலிருந்து. புதிய ஊழியர்கள் முப்பது பேர் வருகிறார்கள், கணக்குத் திறக்க வேண்டும் என்பது நல்ல தொடக்கம். மனிதவளப் பிரிவின் எக்செல் பட்டியலை சிஎஸ்வி ஆக்கி, ஒவ்வொரு வரியையும் வாசித்து யூசரை உருவாக்கும் ஸ்கிரிப்ட், இருபது வரிக்குள் முடியும்.

நமது பெயர்களால் மூன்று இடத்தில் இடறும். தமிழில் எழுதிய பெயர் நிரல் இருந்தால் எக்செலில் "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்று தெரிவுசெய்து சேமியுங்கள், சாதாரண சிஎஸ்வியில் எல்லாம் கேள்விக்குறியாக வரும். இரண்டாவது, பழைய முறை லொகின் பெயருக்கு 20 எழுத்துத்தான் எல்லை. ஆங்கிலத்தில் எழுதினால் பாலசுப்பிரமணியம் என்ற பெயர் மட்டுமே ஏறக்குறைய 16 எழுத்து எடுக்கும், இன்னொரு பெயரும் சேர்ந்து எல்லையைத் தாண்டினால் ஸ்கிரிப்ட் அந்த வரியில் பிழை காட்டும். மூன்றாவது, முதலெழுத்து முன்னால் வரும் நமது வழக்கத்தில் எது "சர்நேம்" நிரலுக்குப் போவது என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள், ஒரே பெயர் உள்ளவர்களும் இருப்பார்கள். அதனால் ஊழியர் இலக்கத்தை அடிப்படையாக வைத்து லொகின் பெயரை அமைப்பது பின்னாளில் பெரிய தலையிடியைத் தவிர்க்கும்.

அழிக்கும், மாற்றும் கொமாண்ட் எதையும் முதலில் "வட் இஃப்" சேர்த்து ஓட்டுங்கள். என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், செய்யாது. 90 நாள் லொகின் செய்யாத கணக்குகளைத் தேடும் ஸ்கிரிப்ட் எழுதினால், அந்தக் கடைசி லொகின் திகதி இரண்டு வாரம் வரை பின்தங்கியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். கண்டவுடன் அழிக்காமல் முடக்கி மட்டும் வையுங்கள்; பிரசவ விடுமுறையில் இருப்பவரும் அந்தப் பட்டியலில் வருவார்.

கல்முனை வாசகர்: நேர்முகத்தில் என்ன கேட்பார்கள்? கொழும்புக்குப் போகாமல் இங்கிருந்தே இந்த வேலை செய்ய முடியுமா?

"காலை ஒன்பது மணிக்கு ஒருவரும் லொகின் செய்ய முடியவில்லை, என்ன செய்வீர்கள்?" என்ற மாதிரிக் கேள்விதான் முக்கியம். சேர்வரை ரீஸ்டார்ட் செய்வேன் என்று தொடங்குபவர் அங்கேயே விழுகிறார். எல்லோருக்குமா, ஒரு கிளைக்கு மட்டுமா? நேற்று இரவு என்ன மாற்றப்பட்டது, அப்டேட் போனதா? டிஎன்எஸ் பதில் தருகிறதா, நேரம் சரியா, டிஸ்கில் இடமிருக்கிறதா? இந்த ஒழுங்கில் பேசுங்கள், இடையில் யாருக்கு எப்போது தகவல் சொல்வீர்கள் என்பதையும் சேருங்கள். ஷெயார் பெர்மிஷனும் (பகிர்ந்த ஃபோல்டருக்கான அனுமதி) என்டிஎஃப்எஸ் பெர்மிஷனும் (டிஸ்கில் உள்ள கோப்புக்கான அனுமதி) மோதினால் எது நிற்கும் என்றும் கேட்பார்கள். நெட்வேர்க் வழியாக வருபவருக்கு இரண்டில் இறுக்கமானது.

சுயவிபரக்கோவையில் "தினமும் 25 ரிக்கெட் தீர்த்தேன்" என்பதை விட "வை-ஃபை முகவரி தீர்ந்துபோனதைக் கண்டறிந்து லீஸ் மாற்றத்தைப் பரிந்துரைத்தேன், அந்த முறைப்பாடு நின்றது" என்ற ஒரு வரி பேசும். செய்யாததை எழுத வேண்டாம், லேப்பில் செய்ததை லேப் என்றே எழுதுங்கள். பதவிப் பெயரில் "சிஸ்டம் அட்மின்" மட்டும் தேடாமல் ஜூனியர் இன்ஃப்ராஸ்ட்ரக்சர், இரண்டாம் மட்ட சப்போர்ட், நொக் (நெட்வேர்க் கண்காணிப்பு நிலையம்) என்பவற்றையும் தேடுங்கள். அவைதான் நடுப்படி.

இங்கிருந்தே செய்ய முடியும், ஆனால் முதல் அட்மின் வேலையே தூர வேலையாகக் கிடைப்பது கடினம். ஒன்றிரண்டு வருடம் மட்டக்களப்பிலோ கொழும்பிலோ ஓர் இடத்தில் நேரடியாகச் செய்த பின் வாய்ப்புக் கூடும். இங்கிலாந்து நிறுவனத்துக்கு அங்குள்ள 9 முதல் 5 வரை என்றால் மாரியில் நமக்குப் பிற்பகல் 2.30 முதல் இரவு 10.30 வரை, அவர்களுடைய கோடையில் ஒரு மணித்தியாலம் முந்தி. அவுஸ்திரேலியா என்றால் அதிகாலையில் எழும்ப வேண்டும். ஃபைபர் லைனோடு வேறு நிறுவனத்தின் 4ஜி ரௌட்டர் ஒன்றும், ரௌட்டர் இரண்டையும் லப்டொப்பையும் மின்வெட்டில் தாங்கும் யூபிஎஸ்ஸும் இருக்க வேண்டும். ஃபைபர் பெட்டியையும் யூபிஎஸ்ஸில் செருக மறக்க வேண்டாம்; ரௌட்டர் எரிந்துகொண்டிருக்கும், லைன் மட்டும் செத்திருக்கும்.